ஒரு வழி அறுந்தால்

இரண்டு ரவுட்டர்களுக்கு நடுவே ஒரே ஒரு கேபிள் ஓடினால், அந்தக் கேபிள் நலமாக இருக்கும் வரைதான் நெட்வொர்க்கும் நலமாக இருக்கும். பாடப்புத்தகங்கள் ‘திசைவி’ என்று சொல்லும் ரவுட்டரின் வேலை, தன்னிடம் வந்து சேரும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் மேலுள்ள ஐபி முகவரியைப் படித்து, அதை எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவெடுப்பது. போக ஒரு பக்கம்தான் உண்டு என்றால் முடிவெடுக்க ஏதுமில்லை. குடிநீர்க் குழாய்க்காகச் சாலையோரம் பள்ளம் தோண்டும் பொக்லைன் ஒரே ஒரு கொத்துக் கொத்தினால் போதும், கிளை அலுவலகம் தலைமையகத்தின் தொடர்பை இழந்துவிடும். இதற்காகத்தான் முக்கியமான ரவுட்டர்களுக்கு இடையே இரண்டாவது இணைப்பு ஒன்று போடப்படுகிறது. ஒன்று போனால் மற்றது தாங்கும் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கை பலிக்க வேண்டுமானால், முதல் இணைப்பை அறுத்த காரணம் இரண்டாவதை எட்டக் கூடாது. அறுந்த செய்தியும் ரவுட்டருக்கு உடனே தெரிந்தாக வேண்டும். இரண்டில் எது தவறினாலும், இரண்டாவது இணைப்பு மாதாமாதம் வாடகை வாங்கும் வெறும் கம்பிதான்.

இதற்கான பாடம் இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் காலத்திலேயே கிடைத்துவிட்டது. 1986 டிசம்பர் 12 அதிகாலை 1.11 மணிக்கு, அமெரிக்காவில் நியூஜெர்சியின் நூவர்க் நகருக்கும் நியூயார்க் மாநிலத்தின் ஒயிட் ப்ளெயின்ஸ் நகருக்கும் இடையே ஒரு ஃபைபர் கேபிள் அறுந்தது. நாட்டின் வடகிழக்கு மூலையில் இருந்த ஆர்பாநெட் கணினிகளை மற்ற பகுதிகளோடு சேர்க்க ஏழு ட்ரங்க் இணைப்புகள் இருந்தன. வரைபடத்தில் ஏழும் ஏழு தனிக் கோடுகள். தொலைபேசி நிறுவனமோ அந்த ஏழையும் ஒரே ஃபைபர் கேபிளுக்குள் ஏற்றியிருந்தது. கேபிள் போனதும் ஏழும் ஒரே நொடியில் போயின. பகல் 12.11 வரை, முழுதாகப் பதினொரு மணி நேரம், அந்தப் பகுதி மற்ற நெட்வொர்க்கிலிருந்து தனித்துக் கிடந்தது. இணைப்புகளின் எண்ணிக்கையில் குறையே இல்லை. ஒன்றின் விதி மற்றதன் விதியாக இருந்ததுதான் குறை.

அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் முன்னதாகவே, எத்தனை இணைப்பு இருந்தால் போதும் என்ற கேள்விக்கு ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய பால் பாரன் விடை கண்டிருந்தார். அணுகுண்டுத் தாக்குதலில் பாதி நிலையங்கள் அழிந்தாலும் மீதி நிலையங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும்படி ஒரு தொடர்பு அமைப்பைக் கட்ட முடியுமா என்பது அவர் எடுத்துக்கொண்ட சிக்கல். 1964-ல் வெளியான அவருடைய அறிக்கைகளில், நிலையங்களை வலைபோல் பின்னி, கணினியில் மாதிரி ஓட்டிப் பார்த்த முடிவுகள் உள்ளன. எல்லா நிலையங்களையும் சேர்க்கத் தேவையான மிகக் குறைந்த இணைப்புகளை ஒரு மடங்கு என்று கொண்டால், மூன்று மடங்கு இருந்தாலே வலை வியக்கத்தக்க உறுதி பெறுகிறது. அதற்கு மேல் சேர்ப்பதால் கிடைக்கும் பலன் விரைவாகக் குறைகிறது. எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைக்கத் தேவையில்லை என்பது செலவுக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இன்றும் ஆறுதலான செய்தி. ஆனால் பாரனின் மாதிரியில் ஒவ்வொரு இணைப்பும் தனித்தனியாக அழிந்தது. நூவர்க்கில் அப்படி நடக்கவில்லை.

கணக்காகப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஓர் இணைப்பு 99 சதவீத நேரம் வேலை செய்கிறது என்றால், கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆண்டுக்கு 87 மணி நேரத்துக்கும் மேல், அதாவது மூன்றரை நாளுக்கும் அதிகமாக, அது செத்துக் கிடக்கும் என்பது அதன் பொருள். அதே தரத்தில் இரண்டாவது இணைப்பு ஒன்றைப் போட்டால், இரண்டும் ஒரே சமயத்தில் போகும் வாய்ப்பு நூறில் ஒன்றின் நூறில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று. ஆண்டுக்கு 87 மணி நேரம் என்பது சுமார் 53 நிமிடமாகச் சுருங்கிவிடும். ஒரு கம்பி கூடுதலாகப் போட்டதற்கு இது பெரிய பரிசு. ஆனால் இந்தப் பெருக்கல் கணக்கு, இரண்டு இணைப்பும் ஒன்றை ஒன்று சாராமல் பழுதாகும்போது மட்டுமே செல்லும். இரண்டும் ஒரே குழாயில் ஓடினால், குழாய் உடையும் நாளில் பெருக்கலுக்கு இடமில்லை. ஆண்டுக் கணக்கு மறுபடி நாள்கணக்கை நோக்கி நகரத் தொடங்கும்.

எங்கெல்லாம் ஒன்றாகிறது

இரண்டு இணைப்புகள் எங்கே சந்திக்கின்றன என்று ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரல் வைத்துத் தேடுவதுதான் இந்த வேலையின் முதல் படி. தேடல் ரவுட்டரின் உள்ளேயே தொடங்குகிறது. பெரிய ரவுட்டர்களில் போர்ட்டுகள் தனித்தனி அட்டைகளில் இருக்கும். இரண்டு கேபிளும் ஒரே அட்டையில் செருகப்பட்டிருந்தால், அந்த அட்டை பழுதாகும்போது இரண்டும் போகும். அடுத்து மின்சாரம். நல்ல ரவுட்டர்களுக்கு இரண்டு பவர் சப்ளை உண்டு. அவற்றை இரண்டு தனி யூபிஎஸ்களிலிருந்து எடுக்க வேண்டும். ரேக்கின் பின்பக்கம் குனிந்து பார்த்தால் இரண்டு கம்பியும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகப்பட்டிருப்பது அரிதான காட்சி அல்ல. அந்தப் பெட்டியின் ஸ்விட்சில் யாருடைய முழங்கையாவது பட்டால் போதும்.

கட்டடத்தை விட்டு வெளியே வந்ததும் வேலை கடினமாகிறது. இரண்டு ஃபைபரும் கட்டடத்தின் ஒரே மூலையில், ஒரே துளை வழியாக வெளியேறுகின்றனவா, இல்லை ஒன்று முன்வாசல் சாலைக்கும் மற்றது பின்பக்கத் தெருவுக்கும் போகிறதா? இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கினால் சிக்கல் தீர்ந்தது என்று பலரும் நினைப்பதுண்டு. தீராது. ஒரு நிறுவனம் தன் ஃபைபரை இன்னொன்றுக்குக் குத்தகைக்கு விடுவதும், இரண்டும் மூன்றாவது ஒருவர் போட்ட குழாயில் தம் கேபிள்களை இழுப்பதும் தொழிலில் இயல்பு. ரசீது இரண்டு பெயரில் வரும், கேபிள் ஒரே பள்ளத்தில் படுத்திருக்கும். ஆற்றுப் பாலம், ரயில்வே சுரங்கம், நெடுஞ்சாலை ஓரம் என்று வசதியான வழி ஒன்றுதான் இருக்கும் இடங்களில் எல்லாரும் அதே வழியைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். 2001 ஜூலை 18 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹோவர்டு தெரு ரயில் சுரங்கத்துக்குள் சரக்கு ரயில் தடம்புரண்டு தீப்பிடித்தபோது, அந்தச் சுரங்கத்தின் வழியே ஓடிய பல நிறுவனங்களின் ஃபைபர்கள் சேர்ந்து பொசுங்கின. நெட்வொர்க் பொறியாளர்கள் இதைப் ‘பொது ஆபத்து’ என்று கருதி, ஒரே பள்ளத்தை, ஒரே பாலத்தைப் பகிரும் இணைப்புகளை ஒரே குழுவாகக் குறித்து வைக்கிறார்கள். ஒரே குழுவில் உள்ள இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகாது. ஃபைபர் செல்லும் பாதையின் வரைபடத்தை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குவதும், முன்னறிவிப்பின்றிப் பாதையை மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் சேர்ப்பதும் இதனால்தான். முதல் நாளில் தனித்தனியாக ஓடிய கேபிள்கள், பழுதுபார்ப்பு ஒன்றின்போது வசதிக்காக ஒன்றாக்கப்படக்கூடும்.

பூமியின் மேல் உண்மையிலேயே தனி வழி கிடைக்காத இடங்களில் ஊடகத்தையே மாற்றுவது நல்ல உத்தி. முதல் இணைப்பு ஃபைபர் என்றால் இரண்டாவது மைக்ரோவேவ் கோபுரம், அல்லது கைபேசி நெட்வொர்க் வழியே செல்லும் ஒரு சிம் கார்டு இணைப்பு. பொக்லைனுக்குக் காற்றை அறுக்கத் தெரியாது. புயலுக்கு மண்ணுக்குள் இருக்கும் ஃபைபரைச் சாய்க்கத் தெரியாது. வேகம் குறைவாக இருக்கலாம். ஆனால் இரண்டின் பகைவர்களும் வேறு வேறு.

செய்தி தெரிய வேண்டும்

கேபிள் தனி வழியில் போடப்பட்டுவிட்டது என்று கொள்ளலாம். தலைமையக ரவுட்டர் ‘அ’, கிளை ரவுட்டர் ‘ஆ’. முதல் இணைப்பின் இரு முனைகளுக்கும் 10.0.12.1, 10.0.12.2 என்ற முகவரிகள், இரண்டாவதற்கு 10.0.13.1, 10.0.13.2. இங்கே ஒரு சின்ன ஒழுங்கு முக்கியம். ஒவ்வோர் இணைப்பும் தனிச் சிறு நெட்வொர்க்காக இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே முகவரித் தொகுதியைக் கொடுத்தால் எது எந்தப் பக்கம் என்று ரவுட்டருக்குப் பிரித்தறிய முடியாது. பல ரவுட்டர்கள் அப்படி அமைக்க விடுவதுமில்லை.

மிக எளிய முறை, கையாலேயே இரண்டு வழிகளை எழுதி வைப்பது. கிளை ரவுட்டரில் “வெளியே போகும் எல்லாம் 10.0.12.1 வழியாக” என்று ஒரு வரி, “அது இல்லையென்றால் 10.0.13.1 வழியாக” என்று இன்னொரு வரி. ஒவ்வொரு வரிக்கும் ஒரு நம்பகத்தன்மை எண் உண்டு. சிஸ்கோ ரவுட்டர்களில் கையால் எழுதிய வழிக்கு இயல்பாக இந்த எண் 1. எண் குறைவாக இருப்பதுதான் வெல்லும். மாற்றுவழிக்கு 200 என்று கொடுத்துவிட்டால், முதல் வழி இருக்கும் வரை அது பட்டியலிலேயே தலைகாட்டாது. முதல் வழி மறைந்ததும் மேலே மிதந்து வரும். அதனால்தான் இதைத் தொழிலில் ‘ஃப்ளோட்டிங்’ வழி என்கிறார்கள்.

இந்த முறையில் ஒரு பொறி இருக்கிறது. முதல் வழி எப்போது மறையும்? ரவுட்டரின் போர்ட் அணையும்போதுதான். பல கிளைகளில் வெளியிலிருந்து வரும் ஃபைபர் நேராக ரவுட்டருக்குள் போவதில்லை. சுவரில் மாட்டிய ஒரு மீடியா கன்வெர்ட்டருக்குள் நுழைந்து, அங்கிருந்து ஒரு முழ நீளச் செம்புக் கேபிள் ரவுட்டருக்கு வரும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் ஃபைபர் அறுந்தாலும், கன்வெர்ட்டருக்கும் ரவுட்டருக்கும் இடையில் உள்ள செம்புக் கேபிளுக்கு ஒரு குறையும் இல்லை. போர்ட்டின் பச்சை விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். ரவுட்டர் முழு நம்பிக்கையோடு பொட்டலங்களை முதல் வழியிலேயே அனுப்பும். அவை எங்கும் போய்ச் சேராது. பக்கத்திலேயே இரண்டாவது இணைப்பு உயிரோடு, காலியாக இருக்கும். இரட்டை இணைப்பு இருந்தும் கிளை முடங்கியதாக வரும் புகார்களைத் துருவினால், பல நேரங்களில் இந்தப் பச்சை விளக்குதான் அகப்படும். ஃபைபரில் ஒளி நின்றால் செம்புப் பக்கத்தையும் தானே அணைத்துவிடும் கன்வெர்ட்டர்கள் கிடைக்கின்றன. மறுமுனை முகவரிக்குச் சில நொடிக்கு ஒருமுறை பிங் அனுப்பி, பதில் நின்றால் வழியை நீக்கும்படி ரவுட்டரையே பழக்குவது அதைவிடப் பாதுகாப்பு.

ரவுட்டர்கள் தாமே பேசிக்கொள்ளும் முறை இன்னும் மேல். அத்தகைய முறைகளில் நிறுவனங்களுக்குள் பரவலாக ஓடுவது ஓஎஸ்பிஎஃப். 1989-ல் முதல் வடிவம் வந்தது. இன்று பயன்படும் ஐபிவி4 வடிவம் 1998-ல் நிலைபெற்றது. ஒவ்வொரு ரவுட்டரும் தன் பக்கத்து ரவுட்டருக்கு வழக்கமாக 10 நொடிக்கு ஒருமுறை ‘ஹலோ’ என்று ஒரு சிறு பொட்டலம் அனுப்பும். 40 நொடி வரை ஹலோ வரவில்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் இல்லை என்று முடிவு. உடனே அந்தச் செய்தி எல்லா ரவுட்டர்களுக்கும் பரவும். ஒவ்வொன்றும் தன்னிடம் உள்ள முழு வரைபடத்தையும் வைத்து மிகக் குறுகிய வழியை மறுபடி கணக்கிடும். அந்தக் கணக்கின் சூத்திரம் டச்சுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவுடையது. 1956-ல் ஆம்ஸ்டர்டாமில் தன் வருங்கால மனைவியோடு காபி குடிக்க உட்கார்ந்தவர், காகிதமோ பேனாவோ இல்லாமல் இருபது நிமிடத்தில் அதை மனத்திலேயே யோசித்து முடித்தார். 1959-ல் அச்சில் வந்தது. இன்று ஒரு கேபிள் அறுந்தால் ரவுட்டர்கள் ஓட்டிப் பார்ப்பது அந்த இருபது நிமிட யோசனையைத்தான்.

கணக்கு மில்லிநொடிகளில் முடிந்துவிடும். காலத்தைத் தின்பது கண்டுபிடிப்புதான். ஃபைபர் நேராக ரவுட்டரில் செருகியிருந்தால் ஒளி நின்றதுமே போர்ட் அணையும். 40 நொடி காத்திருக்கத் தேவையில்லை. நடுவே கன்வெர்ட்டரோ சேவை நிறுவனத்தின் ஸ்விட்சோ இருந்தால் முழு 40 நொடியும் போகும். மின்னஞ்சலுக்கு அது ஒன்றுமில்லை. தொலைபேசி உரையாடலில் 40 நொடி மௌனம் என்றால் இரு பக்கமும் வைத்துவிடுவார்கள். ஹலோவை நொடிக்கு ஒன்றாகவும் காத்திருப்பை 4 நொடியாகவும் குறைக்கலாம். அதையும்விட விரைவு வேண்டும் என்றால் அதற்கென்றே 2010-ல் தரப்படுத்தப்பட்ட பிஎஃப்டி இருக்கிறது. 50 மில்லிநொடிக்கு ஒருமுறை இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுப் பார்க்கும். தொடர்ந்து மூன்று தவறினால், 150 மில்லிநொடியில், இணைப்பு போய்விட்டது என்று ஓஎஸ்பிஎஃபுக்குச் சொல்லும். பேசிக்கொண்டிருப்பவர் காதில் அது ஒரு சிறு கரகரப்பாக மட்டும் விழும். இதற்காக எல்லா இடத்திலும் மிகக் குறைந்த எண்ணை வைப்பதும் தவறு. நெரிசலான மைக்ரோவேவ் இணைப்பில் மூன்று பொட்டலங்கள் தொலைவது மழைநாளில் சாதாரணம். உயிரோடு இருக்கும் இணைப்பை ரவுட்டர் அடிக்கடி இறந்ததாக அறிவித்துக்கொண்டிருக்கும்.

இரண்டும் இயங்கும்போது

இரண்டு இணைப்பும் நன்றாக இருக்கும்போது எதில் அனுப்புவது? ஓஎஸ்பிஎஃப் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு விலை வைக்கிறது. மொத்த விலை குறைந்த வழி வெல்லும். பல ரவுட்டர்களில் இந்த விலை, 100 மெகாபிட் என்ற அளவை இணைப்பின் வேகத்தால் வகுத்து வருவது. 1990-களின் தொடக்கத்தில் 100 மெகாபிட் என்பது மிக அதிக வேகம், அதனால் கணக்கு சரியாக இருந்தது. இன்று அதே கணக்கில் 100 மெகாபிட் இணைப்புக்கும் விலை 1. 1 கிகாபிட்டுக்கும் 1. 10 கிகாபிட்டுக்கும் 1. ஒன்றுக்குக் கீழே விலை இல்லை. முதல் இணைப்பாக 10 கிகாபிட் ஃபைபரும் மாற்றாக 100 மெகாபிட் இணைப்பும் வைத்திருக்கும் நிறுவனம், விலையைக் கவனிக்காமல் விட்டால், ரவுட்டர் இரண்டையும் சமமாக மதித்துப் போக்குவரத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும். அகலச் சாலையிலும் ஒற்றையடிப் பாதையிலும் ஒரே அளவு வண்டிகள். பாதிப் பேருக்கு நெட்வொர்க் பறக்கும், பாதிப் பேருக்கு நகராது; யாருக்கு எது என்பது புரியாத புதிராக இருக்கும். அடிப்படை அளவை 100 கிகாபிட்டாக உயர்த்தினால் 10 கிகாபிட்டின் விலை 10, 1 கிகாபிட்டின் விலை 100, 100 மெகாபிட்டின் விலை 1000 என்று பிரிந்துவிடும். இதை எல்லா ரவுட்டர்களிலும் ஒரே மாதிரி மாற்ற வேண்டும். இல்லையென்றால் போகும் வழி ஒன்றும் வரும் வழி வேறொன்றுமாக ஆகும்.

வேகம் உண்மையிலேயே சமமாக இருந்தால் பிரித்து அனுப்புவது நல்லது. அப்போதும் ஒரு பொட்டலம் இங்கே, அடுத்தது அங்கே என்று ரவுட்டர் அனுப்புவதில்லை; அப்படிச் செய்தால் பொட்டலங்கள் முன்பின்னாகப் போய்ச் சேர்ந்து மறுமுனைக் கணினியைத் திணறடிக்கும். அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, போர்ட் எண்கள் ஆகியவற்றை வைத்து ஒரு கணக்குப் போட்டு, ஓர் உரையாடலின் பொட்டலங்கள் அனைத்தையும் ஒரே வழியில் அனுப்புகிறது. அதனால் இரண்டு 10 கிகாபிட் இணைப்பு இருந்தாலும் ஒரே ஒரு பெரிய கோப்பை நகலெடுக்கும்போது 10 கிகாபிட்டுக்கு மேல் கிடைக்காது.

பிரித்து அனுப்பும்போது கண்ணுக்குத் தெரியாமல் ஓர் ஆபத்து வளர்கிறது. இரண்டு 10 கிகாபிட் இணைப்புகளும் ஆளுக்கு 70 சதவீதம் நிரம்பி ஓடுகின்றன என்றால் எல்லாம் அமைதியாகத்தான் தெரியும். ஒன்று அறுந்ததும் 14 கிகாபிட் சுமை 10 கிகாபிட் குழாயின் வாயில் வந்து நிற்கும். வழி இருக்கிறது, ஆனால் எல்லாருக்கும் மெதுவாகிவிடும், பொட்டலங்கள் தொலையும். இரண்டு இணைப்பு இருந்தால் ஒவ்வொன்றும் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது, மூன்று இருந்தால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரம்பக் கூடாது. பாதிக் குழாயைக் காலியாக வைத்திருப்பது வீண்செலவாகத் தோன்றும். அந்தக் காலியிடத்துக்காகத்தான் இரண்டாவது இணைப்பே வாங்கப்பட்டது. அப்படிக் காலியாக வைக்கப் பணமில்லாத இடங்களில், நெருக்கடியில் எது முதலில் போக வேண்டும் என்று முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைக்கிறார்கள்: முதலில் குரல் அழைப்பும் பணப் பரிமாற்றமும், இரவில் போகக்கூடிய காப்பு நகல்கள் கடைசியில்.

இரண்டு வழி இருந்தால் சுற்றிச் சுற்றி வரும் ஆபத்தும் உண்டு. ‘அ’ ஒரு பொட்டலத்தை ‘ஆ’வுக்கு அனுப்ப, ‘ஆ’வின் கணக்கு இன்னும் புதுப்பிக்கப்படாததால் அது திரும்ப ‘அ’வுக்கே அனுப்பும். ஐபி பொட்டலங்களுக்கு இதற்கு மருந்து உள்ளேயே இருக்கிறது. ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண் உண்டு, அதிகபட்சம் 255. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும், சுழியம் ஆனதும் பொட்டலம் கைவிடப்படும். ரவுட்டருக்குக் கீழே ஸ்விட்சுகள் நகர்த்தும் ஈதர்நெட் சட்டகங்களில் அப்படி எண் எதுவும் இல்லை. இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவே விவரமில்லாமல் இரண்டு கேபிள் போட்டால், ஒரே ஒரு ஒலிபரப்புச் சட்டகம் முடிவில்லாமல் சுற்றிப் பெருகி, சில நொடிகளில் முழு நெட்வொர்க்கையும் மூழ்கடிக்கும். 1985-ல் ராடியா பெர்ல்மன் வகுத்த ஸ்பேனிங் ட்ரீ முறை, உபரிக் கேபிள்களைத் தற்காலிகமாக அடைத்துவைத்து, தேவைப்படும்போது திறக்கிறது. அதன் பழைய வடிவம் திறப்பதற்கு 30 முதல் 50 நொடி எடுத்துக்கொள்ளும். ரவுட்டர்களுக்கு இடையே இரட்டை இணைப்பு போடும்போது நடுவில் ஸ்விட்சைத் தவிர்த்து நேராக இணைப்பதை அனுபவசாலிகள் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரவுட்டரே போனால்

இணைப்புகள் இரண்டானாலும் ரவுட்டர் ஒன்று என்றால் மாற்று பாதியில் நிற்கிறது. கிளையில் இரண்டு ரவுட்டர் வைத்து, ஒவ்வொன்றிலும் ஓர் இணைப்பைச் செருகுவது அடுத்த படி. இப்போது சிக்கல் உள்ளே இருக்கும் கணினிகளுக்கு. ஒவ்வொரு கணினியிலும் ‘கேட்வே’ என்று ஒரே ஒரு முகவரிதான் எழுதப்பட்டிருக்கும். அந்த ரவுட்டர் போனால் மற்றது பக்கத்தில் இருந்தும் பயனில்லை. விஆர்ஆர்பி என்ற முறை இதைத் தீர்க்கிறது. இரண்டு ரவுட்டர்களும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு கற்பனை முகவரியைத் தாங்குகின்றன. கணினிகளுக்குத் தெரிவது அந்தக் கற்பனை முகவரி மட்டுமே. இரண்டில் முன்னுரிமை எண் அதிகம் உள்ளது தலைவர். அது நொடிக்கு ஒருமுறை தன் இருப்பை அறிவிக்கும். அறிவிப்பு நின்று மூன்று நொடியும் கொஞ்சமும் ஆனதும் மற்றது பொறுப்பேற்கும். அந்தக் ‘கொஞ்சம்’ பொறுப்பேற்கும் ரவுட்டரின் முன்னுரிமையைப் பொறுத்தது: 256-லிருந்து முன்னுரிமையைக் கழித்து 256-ஆல் வகுத்தால் வருவது. முன்னுரிமை 100 என்றால் மொத்தம் 3.6 நொடி. கற்பனை முகவரியோடு மேக் முகவரியும் சேர்ந்தே கைமாறுவதால் கணினிகளில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை.

இங்கும் பச்சை விளக்குப் பொறி வேறு உருவில் காத்திருக்கிறது. தலைவர் ரவுட்டரின் வெளி இணைப்பு அறுந்தாலும் உள்பக்கம் நலமாக இருப்பதால், அது நொடிக்கு ஒருமுறை “நான் இருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டேயிருக்கும். வெளியே போக வழியில்லாத தலைவர். இதற்காக வெளி இணைப்பைக் கண்காணித்து, அது போனால் தன் முன்னுரிமையைத் தானே குறைத்துக்கொள்ளும்படி அமைக்க வேண்டும். தலைவருக்கு 120, துணைக்கு 100 என்று வைத்து, இணைப்பு போனால் 30 குறை என்று எழுதினால் தலைவர் 90-க்கு இறங்கும், துணை முன்னுக்கு வரும். குறைக்கும் எண்ணை 10 என்று எழுதிவிட்டால் 110 ஆகி, தலைவர் தலைவராகவே இருப்பார். ஓர் எண்ணில் ஒரு கிளையின் தொடர்பு தொங்குகிறது.

இரண்டு வெவ்வேறு இணையச் சேவை நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கும்போது ஓஎஸ்பிஎஃப் போதாது. நிறுவனங்களுக்கு இடையே வழி சொல்வது பிஜிபி. 1989-ல் கிர்க் லாஹீடும் யாகோவ் ரெக்டரும் மதிய உணவின்போது கைதுடைக்கும் காகிதத்தில் வரைந்த திட்டத்திலிருந்து பிறந்தது அது. பிஜிபி வேகத்தைப் பார்ப்பதில்லை, கொள்கையைப் பார்க்கிறது. வெளியே போவதைத் திருப்புவது எளிது: விரும்பும் வழிக்கு உள்விருப்ப எண்ணை உயர்த்தினால் போதும். உள்ளே வருவதைத் திருப்புவதுதான் கடினம், ஏனென்றால் அந்த முடிவு மற்றவர்கள் கையில் இருக்கிறது. மாற்றுவழியை விளம்பரப்படுத்தும்போது தன் நெட்வொர்க்கின் அடையாள எண்ணையே இரண்டு மூன்று முறை சேர்த்தெழுதி, அந்த வழியை நீளமானதாகக் காட்டுவது வழக்கமான உத்தி. சொந்த முகவரித் தொகுதி இல்லாத சிறு அலுவலகங்களுக்கு பிஜிபி எட்டாது. அவர்களுடைய ரவுட்டர் உள்முகவரிகளை அந்தந்த நிறுவனம் தந்த பொது முகவரியாக மாற்றித்தான் அனுப்பும். வழி மாறினால் முகவரியும் மாறுவதால், ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ அழைப்பு துண்டாகி மறுபடி தொடங்கும். அந்தச் சிறு துண்டிப்பு இந்த முறையோடு கூடவே வருவது.

தனித்தனி நிறுவனம் என்ற நம்பிக்கை கடலிலும் சோதிக்கப்பட்டது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவுக்கு அருகே சீ-மீ-வீ 4, ஃப்ளாக் என்ற இரண்டு கடலடிக் கேபிள்கள் அறுந்தன. சீ-மீ-வீ 4 இந்தியாவில் சென்னையிலும் மும்பையிலும் கரையேறுகிறது, ஃப்ளாக் மும்பையில். உரிமையாளர்கள் வேறு, கப்பல்கள் போட்ட ஆண்டுகள் வேறு. ஆனால் ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் கேபிள்களுக்குச் செங்கடலும் எகிப்தும்தான் குறுகலான வாசல். இந்தியாவில் இணையம் பல நாட்கள் மெதுவாகிப்போனது. மீட்சி, கிழக்கே சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் கேபிள்களைப் பிடித்துப் பசிபிக்கைக் கடந்து சுற்றிப் போகும் வழியில்தான் கிடைத்தது. ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. ஆயிரம் கிலோமீட்டர் கூடினால் போக 5 மில்லிநொடி கூடும். பூமியைச் சுற்றிப் போவது தாமதம்தான், ஆனாலும் அது உண்மையான மாற்று. 2024 பிப்ரவரியில் செங்கடலில் மறுபடியும் பல கேபிள்கள் ஒருசேரப் பாதிக்கப்பட்டன. வாசல் இன்னும் குறுகலாகவே இருக்கிறது.

எத்தனை இணைப்பு போட்டாலும் தடுக்க முடியாத ஒரு பழுது உண்டு. எல்லா ரவுட்டர்களும் கீழ்ப்படியும் ஒரே கட்டளை தவறாக இருப்பது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் முதுகெலும்பு நெட்வொர்க்கில் பராமரிப்புக்காகத் தரப்பட்ட ஒரு கட்டளை, உலகெங்கும் உள்ள அதன் தரவு மையங்களுக்கு இடையே இருந்த இணைப்புகள் அனைத்தையும் ஒருசேர இறக்கிவிட்டது. தவறான கட்டளையைத் தடுத்திருக்க வேண்டிய சரிபார்ப்பு மென்பொருளிலும் பிழை இருந்தது. மையங்களை எட்ட முடியாத அதன் பெயர்-முகவரி சர்வர்கள் தம்மைத் தாமே பிஜிபியிலிருந்து விலக்கிக்கொண்டன. சரிசெய்யப் போன பொறியாளர்களும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால் தொலைவிலிருந்து உள்ளே நுழைய முடியவில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரம் சேவைகள் முடங்கின. ரவுட்டர்களை நிர்வகிக்கப் பிரதான நெட்வொர்க்கைச் சாராத தனி இணைப்பு ஒன்று, குறைந்தபட்சம் கன்சோல் போர்ட்டில் செருகிய ஒரு சிம் மோடமாவது, வேண்டும் என்று பொறியாளர்கள் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான். மாற்றங்களை இரண்டு ரவுட்டர்களிலும் ஒரே இரவில் செய்யாமல், ஒன்றில் செய்து சில நாள் பார்த்துவிட்டு மற்றதில் செய்வதும் அதே அக்கறையில் பிறந்த வழக்கம்.

அறுந்த இணைப்பு திரும்பி வரும் தருணத்துக்கும் தனிக் கவனம் தேவை. ஒட்டுப் போட்ட ஃபைபர் முதல் சில நிமிடங்கள் எழுவதும் விழுவதுமாக இருக்கும். ஒவ்வொரு முறையும் ரவுட்டர் வழியை மாற்றினால், அறுந்தபோது பட்டதைவிடப் பயனர்கள் அதிகம் படுவார்கள். திரும்பிய இணைப்பு சில நிமிடம் தொடர்ந்து நிலையாக இருந்த பிறகே அதற்கு மாறும்படி ஒரு தாமதம் வைப்பது நல்லது.

கடைசியாக, சோதனை. மாற்று இணைப்புக்கு உள்ள பெரிய குறை, அது செத்தாலும் யாருக்கும் தெரியாது என்பதே. முதல் இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது போன மார்ச்சிலேயே போயிருக்கலாம். புகார் சொல்ல ஆளில்லை. அதனால் இரண்டாவதன் நிலையைத் தனியாகக் கண்காணித்து, போனால் நள்ளிரவானாலும் எச்சரிக்கை வரும்படி செய்ய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பயனர்கள் குறைவான ஒரு ஞாயிறு காலையில், முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு முதல் இணைப்பைக் கையால் பிடுங்க வேண்டும். கட்டளை கொடுத்துப் போர்ட்டை அணைப்பது போதாது. அப்படி அணைத்தால் ரவுட்டருக்கு உடனே தெரிந்துவிடும், பச்சை விளக்குப் பொறி வெளிப்படாது. கன்வெர்ட்டரின் வெளிப்பக்கத்திலிருந்து ஃபைபரை உருவ வேண்டும். ஒரு கணினியிலிருந்து தொடர்ச்சியாகப் பிங் ஓடவிட்டு, எத்தனை பதில்கள் விடுபட்டன என்று எண்ண வேண்டும். ட்ரேஸ்ரூட் ஓட்டி, பொட்டலங்கள் இப்போது 10.0.13.1 வழியாகத்தான் போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு தொலைபேசி அழைப்பும் ஒரு பணப் பரிமாற்றமும் செய்து பார்த்து, அரை மணி நேரம் மாற்றுவழியிலேயே ஓடவிட்ட பிறகு ஃபைபரைத் திரும்பச் செருகி, எத்தனை நொடியில் பழைய வழிக்கு வந்தது என்று தேதி போட்டுக் குறித்து வைக்க வேண்டும்.